கெட்டில் போடப் போனவர்

வெர்லின் லிபர்ட் ஓடிக்கொண்டிருந்தாள்.

கையில் ஒரு தொப்பி. சாம்பல் நிறம், பட்டையில் சின்னதாக ஒரு நீல இறகு. அவளுடையது அல்ல, ஆல்ஃபர்ட் நிஸ்பெட்டினுடையது. எழுபத்திரண்டு வயது ஆல்ஃபர்ட், தொப்பி இல்லாமல் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கக்கூட வெளியே வர மாட்டார் என்பது சாப்பல்டவுன் பேட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். அப்பேர்ப்பட்டவர் தொப்பியைச் சமையலறை ஆணியிலேயே விட்டுவிட்டு, பின் கதவைத் திறந்து, நவம்பர் தூறலில் இறங்கிப் போய்விட்டார்.

ஐந்து மணிக்குள் அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். இப்போதே மூன்றைத் தாண்டிவிட்டது.

பிடித்து என்ன கேட்பது? அங்கேதான் சிக்கல். எதுவும் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே வெர்லின்தான்.

சற்று முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூலக மாடியில் வாசற்படி நிதியின் கூட்டம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் வசதியான ஓர் அறக்கட்டளை, கறுப்பின மக்களும் மற்ற சிறுபான்மையினரும் தாங்களே நடத்துகிற சின்னக் குழுக்களுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கியிருந்தது. அதுதான் இந்த நிதி. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்தப் பகுதிக்காரர்களே முடிவு செய்துகொள்ளலாம். முன்பெல்லாம் நகரத்தின் நடுவில், கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். சாப்பல்டவுனை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்கள். "உங்கள் குழு போதிய அளவு நிலைபெறவில்லை" என்று பதில் வரும். இப்போது அந்த வேலையை ஐந்து அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள். வெர்லினுக்கு ஓட்டு கிடையாது. கூட்டத்தைக் கூட்டுவது, சண்டையை விலக்குவது, பிஸ்கட் வாங்குவது அவள் வேலை. மாதச் சம்பளம் உண்டு, பிஸ்கட்டுக்குத்தான் பற்றாது.

ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் ஊரே சொந்தம். கரீபியக் கடலின் கிட்ஸ் தீவிலிருந்து வந்த குடும்பங்களை எடுத்துக்கொண்டால், யாரைத் தொட்டாலும் யாருக்காவது ஒன்றுவிட்ட தங்கையாக இருப்பாள். முதல் கூட்டத்தில், மனுப் போட்டவர்களோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஆல்ஃபர்ட் எழுந்து, மனுப் போட்டிருக்கிற இந்தப் பெண்ணின் தாயார் என் சித்தப்பா மகனை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனவர் என்று ஆரம்பித்தார். அதோடு அன்றைய கூட்டம் முடிந்தது. இரண்டு குடும்பங்கள் இன்றுவரை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை.

அன்றைக்குப் பிறந்ததுதான் கெட்டில் சட்டம். மனு வாசித்ததும், தொடர்பு உள்ளவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பக்கத்துச் சமையலறைக்குப் போய் டீக்குக் கெட்டில் போட வேண்டும். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. மிச்சமிருப்பவர்கள் முடிவெடுப்பார்கள். மூன்று பேராவது மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். முடிந்ததும் எல்லாருக்கும் டீ. சட்டம் அழகாக ஓடியது.

பழைய வழியையும் யாரும் ரத்து செய்யவில்லை. கொடுக்கிற பணத்தில் தனக்கு வருமானம் இல்லாதவர், தன் தொடர்பை அறையில் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர்கள் ஆட்சேபிக்காவிட்டால் உட்கார்ந்து ஓட்டுப் போடலாம். முதல் கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்றைக்குக் கடைசி மனு, 'முதலில் கால்விரல்' என்ற குழுவினுடையது. நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு நீச்சல். நடத்துபவள் ஃபத்தூ ஜாலோ, காம்பியாக்காரி, பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. கேட்டிருந்தது, மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் நீச்சல் குளத்துக்குக் குளிர்காலம் முழுவதற்குமான செவ்வாய்க்கிழமை வாடகை. அதே நேரத்தை ஓர் உடற்பயிற்சிக் கம்பெனியும் கேட்கிறது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிராஸ்லி, வியாழக்கிழமை ஐந்து மணிவரை பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லியிருந்தார். அந்த வியாழன் இன்றுதான். நிதியின் அடுத்த கூட்டம் ஜனவரியில்.

மனுவில் ஒரு விசித்திரம் இருந்தது. உறுப்பினர் பெயர் என்று கேட்ட இடத்தில் பெயர்களே இல்லை. மஞ்சள் தொப்பி, பச்சைத் தொப்பி, கோடு போட்ட தொப்பி என்று நீச்சல் தொப்பிகளின் நிறங்கள்தான் இருந்தன. எரித்ரியக் காப்பிக் கடை வைத்திருக்கும் டெஸ்ஃபாய், இவர்கள் நீந்தப் போகிறார்களா, வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறார்களா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆல்ஃபர்ட் சிரிக்கவில்லை. முதல் ஆளாக எழுந்து கெட்டில் போடப் போனார்.

அடுத்து யூலாலி எழுந்தாள். அவள் சிகையலங்காரக்காரி. சடையும் சுருளுமான தலைகள் உள்ளே அடங்கும்படி பெரிய நீச்சல் தொப்பிகள் தைத்து விற்கிறாள். அதற்குப் பிறகு தன்வீர். பாகிஸ்தான் பக்கத்து மிர்பூர்க் குடும்பம், டாக்சி ஓட்டுபவர். செவ்வாய்க் காலையில் அவருடைய வேனிலிருந்து ஈரத் துண்டுகள் இறங்குவதைத் தெருவே பார்த்திருக்கிறது. இருவருக்கும் அதில் வரும்படி உண்டு. சட்டப்படி போகத்தான் வேண்டும்.

அறையில் டெஸ்ஃபாயும், ரொமானியாவிலிருந்து வந்து நடனப் பள்ளி நடத்தும் ஃப்ளோரிகாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர்.

வெர்லின் சமையலறைக்கு விரைந்தபோது கெட்டில் சீறிக்கொண்டிருந்தது. ஆல்ஃபர்ட் இல்லை.

"கண்ணு, நான் வந்தப்ப கப்பெல்லாம் எடுத்து அடுக்கிக்கிட்டு ஜோரா நின்னாரு," என்றாள் யூலாலி. "அப்புறம் தன்வீர் உள்ள வந்தாரு பாரு, மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு. 'மூணு பேரா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் பால் எடுக்கத் திரும்புறேன், பின்கதவு அடிச்சுக்குது."

யூலாலிக்கும் தன்வீருக்கும் என்ன தொடர்பு என்பது ஊருக்கே தெரியும். ஆல்ஃபர்டுக்கு என்ன? நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் கனடாவில். டோமினோ, சர்ச், வீட்டுக்குப் பின்னால் பூசணிக்கொடி. இதில் ஒரு காம்பியப் பெண்ணின் நீச்சல் குழு எங்கே வந்து ஒட்டுகிறது?

வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆல்ஃபர்டின் பழைய கூட்டாளி ஹெஸ்கித்தின் முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அங்கே டோமினோ கட்டைகள் மேசையில் விழுகிற சத்தம் தெருவிலேயே கேட்கும். கட்டையை வைப்பது என்ற பழக்கமே அங்கே கிடையாது, அறைவதுதான். வெர்லின் நனைந்த கோட்டோடு உள்ளே நுழைந்ததும் ஆட்டம் நிற்கவில்லை. ஹெஸ்கித் மட்டும் அவள் கையைப் பார்த்தார்.

"தொப்பி வந்திருக்கு. ஆளு எங்க?"

"அதைத்தான் உங்களைக் கேக்க வந்தேன் அங்கிள்."

"எங்களுக்கு என்ன தெரியும்? போன சனிக்கிழமை தோத்துப் போனான், அந்த வெக்கத்துல ஒளிஞ்சிருப்பான்."

மேசையில் சிரிப்பு எழுந்தது. ஆல்ஃபர்டை யாராவது பார்த்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். காலையில் ரொட்டிக் கடையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இந்த மழையில் எங்கே நிற்கிறாரோ என்று அவள் சொன்னதும், குடைகூடப் பிடிக்காத ஆள் தண்ணீரைக் கண்டு பயப்படுவானா என்று இன்னொருவர் கேட்டார். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று வெர்லினுக்குத் தெரியும். அங்கேதான் போனது. பத்தொன்பது வயதில் ஆல்ஃபர்ட் ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காகக் கிட்ஸ் தீவிலிருந்து நீவிஸ் தீவுக்குக் கடலில் நீந்திப் போன கதை. நடுவே இரண்டு மைல் கடல். சட்டையை மடித்துத் தலையில் கட்டிக்கொண்டு, ஷூ இரண்டையும் கயிற்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு. ஒவ்வொரு கார்னிவல் சமயத்திலும், ஒவ்வொரு கல்யாணத்திலும் இந்தக் கதை எழுந்து நிற்கும். ஹெஸ்கித் சொன்னால் நடுவில் ஒரு சுறாவும் வரும்.

"சுறா பக்கத்துல வந்துது. இவன் ஷூவைக் கழட்டி அதும் மூக்குலயே ஒண்ணு போட்டான்," என்று ஹெஸ்கித் இப்போதும் சொன்னார். "எங்க ஊரு ஆளுங்கள்ல மீனுக்குப் பொறந்தவன்னா அவன் ஒருத்தன்தான்."

வெர்லின் கிளம்பத் திரும்பினாள். அப்போது அவர் இன்னொன்று சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் பொண்ணே. இந்த ஒரு வருஷமா செவ்வாய்க்கிழமை காலைல ஆட்டத்துக்கு வர்றதில்ல. கேட்டா பல் டாக்டருங்கிறான். அவன் வாயில இருக்கிறதே நாலு பல்லு. அதுல எந்தப் பல்லுக்கு வாராவாரம் வைத்தியம்?"

செவ்வாய்க்கிழமை காலை.

வெர்லின் தெருவுக்கு வந்தபோது தன்வீரின் டாக்சி ஓரமாக நின்றது. தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏறுங்க சிஸ்டர். அங்க உக்காந்து என்ன பண்றது? டீ போட்டாச்சு. குடிக்கத்தான் ஆளில்ல."

குளத்துக்குப் போகச் சொன்னாள். வண்டி நகர்ந்ததும், கேட்கக் கூடாததைச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். செவ்வாய்க் காலையில் அவர் வேனில் யார் யார் ஏறுகிறார்கள்? தன்வீர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். தான் கெட்டில் போட்டவன், இந்த விஷயத்தில் வாய் திறக்க முடியாது என்றார். பிறகு அடுத்த சிக்னலிலேயே திறந்தார்.

"என் வேன்ல ஏறுறது பூரா பொம்பளைங்க. ஆம்பளைங்க யாரு வர்றாங்க, எப்படி வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது. வாசல்ல இறக்கி விட்டுட்டு நான் வேன்லயே தூங்குவேன். ஆனா சிஸ்டர், ஒரு பெரியவரு செவ்வாய்க்கிழமை தோறும் பொய் சொல்லிட்டு எங்கேயோ போறாருன்னா, அது பல்லும் இல்ல, தண்ணியும் இல்ல. ஏதோ ஒரு அம்மா இருக்காங்க."

வெர்லின் மடியில் கிடந்த தொப்பியைப் பார்த்தாள். நீல இறகு புதுசு. போன வருஷம் இல்லை. அட, அப்படியும் இருக்குமோ? ஃபத்தூவின் அத்தை ஒருவர் காம்பியாவிலிருந்து வந்து கூடவே இருக்கிறார். ஆளும் எடுப்பாக இருப்பார். அவரை நினைத்து ஆல்ஃபர்ட் பூசணிக்கொடிக்குப் பின்னால் வெட்கப்படுகிற காட்சி ஒன்று மனதில் வந்துபோனது. அது மட்டும்தான் தொடர்பு என்றால், அறையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாமே. டெஸ்ஃபாயும் ஃப்ளோரிகாவும் ஆட்சேபிக்கவா போகிறார்கள்? கைதட்டுவார்கள்.

ஆனால் காதலுக்காக ஒருவர் பின் கதவு வழியாக, தொப்பி இல்லாமல், மழையில் ஓடுவாரா?

பள்ளிக்கூடத்தின் குளம் சின்னது. மேலே கண்ணாடிக் கூரை, பாதிக்கு மேல் பாசி. ஃபத்தூ ஜாலோ உடை மாற்றும் அறையில், கொக்கிகளில் காய்ந்த தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பணம் வராவிட்டால் இன்றே காலி செய்ய வேண்டும் என்று கிராஸ்லி சொல்லிவிட்டாராம். வெர்லினைப் பார்த்ததும் கை நின்றது. முகத்தில் ஒரு கேள்வி. வெர்லின் தலையை ஆட்டினாள். இன்னும் இல்லை.

ஆல்ஃபர்ட் நிஸ்பெட்டைத் தெரியுமா என்று நேராகவே கேட்டுவிட்டாள். ஃபத்தூ ஒரு பச்சைத் தொப்பியை நான்காக மடித்தாள். பஸ்ஸில் பார்த்திருக்கிறேன் என்றாள். உன் அத்தையைப் பார்க்க யாராவது வருவார்களா என்று கேட்டதற்கு, அத்தை ஆகஸ்டிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டதாகப் பதில் வந்தது. வெர்லினின் காதல் கதை அந்த இடத்திலேயே உயிரைவிட்டது.

"ஃபத்தூ, பேரு ஏன் இல்ல? அதையாவது சொல்லு. அந்த ரூம்ல எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க."

"தண்ணிக்குள்ள பாத்தது தண்ணியோட. அதான் எங்க சட்டம். உங்களுக்குக் கெட்டில் மாதிரி." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்க ஆளுங்க எல்லாரும் கடலோரத்துலேருந்து வந்தவங்க சிஸ்டர். ஆறு, கடல், மீனு எல்லாம் வாயிலேயே இருக்கும். நீச்சல் தெரியாதுன்னு ஒரு ஆம்பளை வாய்விட்டுச் சொல்லுவாரா? அம்பது வயசு ஆளு, குளத்துப் படியில நின்னு கால் நடுங்குறதைப் பக்கத்து வீட்டுக்காரன் பாத்தா அப்புறம் தெருவுல நடப்பாரா? தொப்பி போட்டா, கண்ணாடி மாட்டினா, யாரும் யாரும் இல்ல. மஞ்சத் தொப்பி வந்துச்சு, பச்சத் தொப்பி வந்துச்சு. அவ்வளவுதான்."

குழு எப்படி ஆரம்பித்தது என்று வெர்லின் கேட்டாள். மனுவில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

ஃபத்தூ கையிலிருந்த தொப்பியைப் பையில் போட்டாள். கூரையில் மழை பலமானது. பிறகு மெதுவாகச் சொன்னாள். போன வருஷம் இலையுதிர் காலம். பெரிய பூங்காவின் ஏரியில் அவளுடைய மகள் சீரா வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். கரையில் இலை வழுக்கியது. குழந்தை தண்ணீரில்.

"கரையில ரெண்டு பேரு நின்னோம். நானும் இன்னொருத்தரும். ரெண்டு பேரும் கத்தினோம். கத்த மட்டும்தான் தெரிஞ்சுது. அவ கை மேல வருது, போகுது. என் கால் மண்ணுல நட்ட மாதிரி நிக்குது. அப்புறம் நாயோட வந்த ஒரு வெள்ளைக்காரம்மா பூட்ஸோட இறங்கி நடந்து போய்த் தூக்கிட்டு வந்தாங்க. நடந்து போயி, சிஸ்டர். தண்ணி அவங்க மாருக்குத்தான் இருந்துச்சு. அதுகூட எங்களுக்குத் தெரியல."

வெர்லின் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த இன்னொருத்தர் யாருன்னே எனக்கு அப்பத் தெரியாது. அழுதுக்கிட்டே போயிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. எப்படியோ விசாரிச்சு வந்திருக்காங்க. பிள்ளைக்கு இனிப்பு. எனக்கு ஒரே பேச்சு. 'வா, கத்துக்குவோம். பேரு மட்டும் வேண்டாம்.' அப்படித்தான் ரெண்டு பேரா ஆரம்பிச்சோம். இப்ப முப்பதுக்கு மேல இருக்கோம். அவங்க இன்னும் ஓரத்துக் கம்பியை விடல. ஆனா ஒரு செவ்வாய்கூடத் தவறினதில்ல."

யாரோ ஒரு தாய், தன் குழந்தையாக இருந்தால் என்று நினைத்துத் தூக்கம் வராமல் போன தாய் என்று வெர்லின் எண்ணிக்கொண்டாள். அவள் யாரென்று அறியத் துடித்தது. ஆனால் நேரமில்லை. குளம் போனால் சீரா, ஃபத்தூ, முப்பது தொப்பிகள், கம்பியை விடாத அந்த மனுஷி, எல்லாருக்கும் தண்ணீர் மறுபடி வேடிக்கை பார்க்கிற பொருளாகிவிடும். வேறு குளம் என்றால் ஊர்க்கோடியில், ஊரே பார்க்கும்படி, நாலு மடங்கு வாடகையில்.

வாசலில் கிராஸ்லி நின்றிருந்தார். தனக்கும் இதில் சந்தோஷமில்லை, கம்பெனிக்காரர்கள் போனில் உயிரை வாங்குகிறார்கள் என்றார். ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் சொன்னாலும் போதும் என்று ஒரு சலுகையும் கொடுத்தார்.

ஆல்ஃபர்டின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறக்கவில்லை. பூசணிக்கொடியின் மிச்சத்தை எட்டிப் பார்த்தார்கள். சர்ச் பூட்டியிருந்தது. தன்வீர் சந்து சந்தாக வண்டியை விட்டார். வழுக்கைத் தலையோடு மழையில் நடக்கிற ஒவ்வோர் ஆள் பக்கத்திலும் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பேர் திட்டினார்கள்.

நாலரை தாண்டியது. இனி தேட இடமில்லை. நூலகத்துக்கே திரும்பச் சொன்னாள். டெஸ்ஃபாயிடமும் ஃப்ளோரிகாவிடமும் தோற்றுவிட்டோம் என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

மாடிப்படி ஏறும்போதுதான் அதைப் பார்த்தாள். கடைசிப் படியில் ஹெஸ்கித் உட்கார்ந்திருந்தார். முடிதிருத்தும் கடையை இந்த நேரத்தில் அவர் பூட்டியதாகச் சரித்திரமே கிடையாது. முழங்கையை முழங்காலில் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆல்ஃபர்ட் நிஸ்பெட். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்னை எங்கெல்லாம்..." என்று ஆரம்பித்த வெர்லின் மரியாதையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "உங்களை எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா அங்கிள்?"

"கேள்விப்பட்டேன். நீ போன பின்னாடி நான் இவன் கடைக்குப் போனேன்," என்றார் ஆல்ஃபர்ட். "இவன்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்த ரூம்ல சொல்றதுக்கு முந்தி இவனுக்குச் சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு யூலாலி கடையில எவளாவது முடி வெட்டிக்கும்போது பேசுறதை இவன் கேட்டுக்கிட்டு வருவான்."

வெர்லின் ஹெஸ்கித்தைப் பார்த்தாள். எப்போதும் பேசுகிற வாய்.

"என்னைக் கேக்காதம்மா," என்றார் அவர். "அம்பது வருஷம். அவ்வளவுதான் சொல்லுவேன். அம்பது வருஷம்."

ஆல்ஃபர்ட் எழுந்தார். பழைய வழி இன்னும் சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். இந்தப் பணத்தில் ஒரு காசுகூடத் தன் பைக்கு வராது என்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

வெர்லினும் பின்னாலேயே போயிருப்பாள். அந்த நொடியில்தான் கைப்பேசி அதிர்ந்தது. கிராஸ்லி. உடற்பயிற்சிக் கம்பெனிக்காரர் நேரிலேயே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாராம். என்ன சொல்லட்டும்? ஒரு நிமிஷம், கைப்பேசியை வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே வெர்லின் கதவுக் கண்ணாடிக்கு அருகே வந்தாள். கனமான பழைய கதவு. உள்ளே நடப்பது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஆல்ஃபர்ட் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. டெஸ்ஃபாய் எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான். ஃப்ளோரிகாவின் கை மெல்ல எழுந்து அவள் வாயைப் பொத்தியது. ஆல்ஃபர்ட் இன்னும் ஏதோ சொன்னார். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்து.

"மேடம், இருக்கீங்களா?" என்றது கைப்பேசி.

டெஸ்ஃபாய் எழுந்து போய் ஆல்ஃபர்டின் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆட்சேபணை இல்லை. ஆல்ஃபர்ட் உட்கார்ந்தார். பிறகு ஃப்ளோரிகாவின் கை உயர்ந்தது. டெஸ்ஃபாயின் கை. கடைசியாக, கிழவரின் கை. தேவைக்கு மேல் உயரமாக.

"மிஸ்டர் கிராஸ்லி," என்றாள் வெர்லின். "எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிடுங்க. செவ்வாய்க்கிழமை எங்களுது."

ஃபத்தூவுக்குச் செய்தி போனது. பதிலாக ஒரு படம் வந்தது. தொப்பிகள் எல்லாம் மறுபடி கொக்கியில்.

டெஸ்ஃபாய் வெளியே வந்தபோது வெர்லின் அவன் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். காப்பிக் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான். ஃப்ளோரிகா அவளைக் கட்டிக்கொண்டாள். அவளும் படியிறங்கினாள். யூலாலி இரண்டு பேரையும் படிவரை துரத்திப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினாள். வெர்லினுக்குக் கேட்டுவிட நாக்குத் துடித்தது. தான் போட்ட சட்டத்தைத் தானே நொந்துகொண்டு சமையலறைக்குள் போனாள்.

அங்கே ஆல்ஃபர்ட் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தொப்பியை நீட்டினாள். வாங்கி மேசையில் வைத்தார். தலையில் வைக்கவில்லை.

"கேக்க மாட்டியா?"

"சட்டம் என்னுது அங்கிள்."

"சட்டம் போட்டவ மூஞ்சியைப் பாரு. மீன் கடை வாசல்ல பூனை நிக்கிற மாதிரி நிக்கிற." கெட்டிலின் பொத்தானைத் தட்டினார். "நான் எந்திரிச்சுட்டா மத்த நாலு பேரும் பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன். தன்வீர் உள்ள வந்த பிறகுதான் கணக்கு இடிச்சுது. என் வெக்கத்துக்கு அந்தப் பொண்ணு குளத்தைக் குடுக்கணுமா? நடந்தேன். நடந்து நடந்து அந்த ஏரிக்கே போயிட்டேன். அப்புறம்தான் ஹெஸ்கித்கிட்ட போனேன்."

"எந்த ஏரிக்கு?"

அவர் நாலு பல்லும் தெரியச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"நீவிஸுக்கு எப்படிப் போனேன் தெரியுமா வெர்லின்? படகுல. பெஞ்சுக்கு அடியில, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வாந்தியெடுத்துக்கிட்டே. அந்தப் பொண்ணு, அலை அடிச்சு நனைஞ்ச சட்டையைப் பாத்து நீந்தியா வந்தேன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். அன்னிலேருந்து அந்தக் கதையை என்னால நிறுத்த முடியல. போன வாரம்தான் கம்பியிலேருந்து ஒரு கையை எடுத்தேன்."

கெட்டில் கொதிக்கத் தொடங்கியது.

"மஞ்சத் தொப்பி நான்தான். அன்னிக்கு அந்தப் பிள்ளை முழுகும்போது ஃபத்தூ பக்கத்துல நின்னு கத்தினவனும் நான்தான்."